கண்ணாடி மாற்றிய பிறகு

ஸ்ரீபெரும்புதூரை ஒட்டிய இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் தொழிற்சாலை 1998இல் கார்களை வெளியே விடத் தொடங்கியது. 2023 செப்டம்பரில் அந்தக் கம்பெனியின் சின்ன வண்டியான வென்யூவுக்குக்கூட முன் கேமரா வந்துவிட்டது. அதில் ரேடார் கிடையாது. முன் கண்ணாடியின் உச்சியில், பின்பக்கம் பார்க்கும் கண்ணாடிக்குப் பின்னால், ஒரே ஒரு கேமரா. முன்னே போகிற வண்டி எவ்வளவு தள்ளிப் போகிறது என்று பார்ப்பதும், லேன் கோட்டைத் தாண்டினால் எச்சரிப்பதும், ஓட்டுபவர் அசந்துவிட்டால் பிரேக் போடுவதும் அதன் வேலை. இப்படிப்பட்ட கேமரா உள்ள எந்தக் காரும் தொழிற்சாலையை விட்டுக் கிளம்புமுன், ‘நீ இருப்பது இந்த இடம், நேர் என்பது இந்தத் திசை’ என்று அந்தக் கேமராவுக்குச் சொல்லிக்கொடுத்துத்தான் அனுப்புகிறார்கள். அதன் பெயர் கேலிப்ரேஷன்.

பிறகு கார் அதே சென்னை - பெங்களூரு நெடுஞ்சாலையில், வாலாஜாவும் ராணிப்பேட்டையும் கடந்து, நூறு கிலோமீட்டர் அளவில் வேலூர் வந்துசேர்கிறது. ஆம்பூர்க்காரர் ஒருவர் வாங்குகிறார். ஒரு வருடம் போனபின் மாதனூர்ப் பக்கம், முன்னால் போன ஜல்லி லாரியிலிருந்து ஒரு கல் தெறிக்கிறது. அரிசி அளவு கீறல். மே மாத வெயிலில் நிறுத்திய காரில் ஏறி ஏசியை முழு வேகத்தில் வைத்ததும் கீறல் ஓரம்வரை ஓடிவிடுகிறது. கண்ணாடிக் கடையில் அரை நாள் வேலை. “கண்ணாடி போட்டாச்சு பாய், சீலண்ட் காயட்டும், சாயங்காலமா வந்து எடுத்துக்குங்க.” பழைய கண்ணாடியிலிருந்து கழற்றிய கேமராவைப் புதியதில் மாட்டியாகிவிட்டது. டேஷ்போர்டில் எந்த எச்சரிக்கை விளக்கும் எரியவில்லை. பாய் சந்தோஷமாக வீட்டுக்குப் போகிறார்.

அந்த விளக்கு எரியாததுதான் பிரச்சினை.

கேமராவுக்குத் தூரம் தெரியாது. அதற்குத் தெரிந்தது கோணம் ஒன்றுதான். லென்ஸ் வழியே வரும் ஒவ்வொரு ஒளிக்கதிரும் உள்ளே இருக்கும் சில்லில் ஒரு புள்ளியில் விழுகிறது. எந்தப் புள்ளியில் விழுந்தது என்பதிலிருந்து அது எந்தத் திசையிலிருந்து வந்தது என்று கண்டுகொள்ளலாம். அவ்வளவே. அந்தக் கதிர் பத்து மீட்டர் தள்ளி நிற்கும் ஆட்டோவிலிருந்து வந்ததா, நூறு மீட்டர் தள்ளி நிற்கும் பேருந்திலிருந்து வந்ததா என்பதைக் கதிர் சொல்லாது.

பிறகு எப்படித்தான் தூரம் கணக்கிடுகிறது? தரையை வைத்து. கேமரா தரையிலிருந்து 1.3 மீட்டர் உயரத்தில் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 50 மீட்டருக்கு அப்பால் ஒரு லாரியின் பின்சக்கரம் தரையைத் தொடும் இடத்தைப் பார்க்க, கேமராவின் பார்வை கிடைமட்டத்திலிருந்து ஏறக்குறைய 1.5 டிகிரி கீழே இறங்க வேண்டும். உயரம் தெரியும், கோணம் தெரியும். பள்ளிக்கூட முக்கோணவியல் மீதியைப் பார்த்துக்கொள்ளும். லாரி எவ்வளவு தள்ளிப் போகிறதோ, சக்கரம் தொடும் இடம் அவ்வளவுக்கு அடிவானத்தை நோக்கி ஏறும், கோணம் குறையும்.

இங்கேதான் சிக்கல். புதிய கண்ணாடியில் கேமரா அரை டிகிரி கீழ்நோக்கிக் குனிந்து உட்கார்ந்துவிட்டது, ஆனால் அதன் நினைவகத்தில் பழைய நிலைதான் பதிவாகியிருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். படத்தில் எல்லாமே சற்று மேலே ஏறித் தெரியும். 1.5 டிகிரி கீழே இருக்கும் சக்கரத்தை அது ஒரு டிகிரி கீழே இருப்பதாக எடுத்துக்கொள்ளும். கணக்குப் போட்டால் விடை 75 மீட்டர். 50 மீட்டரில் இருக்கும் லாரி 75 மீட்டருக்குப் போய்விட்டது. மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் நொடிக்கு 22 மீட்டர் ஓடுகிறோம். ஒரு நொடிக்கும் அதிகமான அவகாசம் இல்லாத கணக்கில் வரவு வைக்கப்பட்டுவிட்டது. கேமரா அதே அளவு மேல்நோக்கி நிமிர்ந்திருந்தால் லாரி 37 மீட்டருக்கு வந்துவிடும். கார் தேவையில்லாமல் பதறும். தூரம் கூடக் கூடப் பிழை எக்கச்சக்கமாகப் பெருகும்: குனிந்த கேமராவுக்கு 100 மீட்டரில் நிற்கும் லாரி 300 மீட்டருக்கும் அப்பால் தெரியும்.

நியாயமாகச் சொல்ல வேண்டும்: இன்றைய கேமராக்கள் தரைக் கணக்கை மட்டும் நம்பி இருப்பதில்லை. 1976இல் டேவிட் லீ என்ற உளவியலாளர் ஓர் எளிய உண்மையை எடுத்துக்காட்டினார். மோதப்போகும் பொருள் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது, எவ்வளவு வேகத்தில் வருகிறது என்று தெரியாமலேயே, மோத எத்தனை நொடி இருக்கிறது என்று சொல்லிவிட முடியும். அதன் உருவம் கண்ணில் எவ்வளவு விரைவாகப் பெரிதாகிறது என்று பார்த்தால் போதும். லாரியின் முதுகு படத்தில் 100 புள்ளி அகலம் இருந்து, அரை நொடியில் 110 புள்ளி ஆனால், அதே வேகத்தில் போனால் இன்னும் ஐந்து நொடியில் மோதல். இந்தக் கணக்கில் கேமராவின் உயரமும் இல்லை, கோணமும் இல்லை. கேமரா சற்றுக் குனிந்திருந்தாலும் நிமிர்ந்திருந்தாலும் இந்த விடை பெரிதாக மாறாது. ஜெருசலேமில் 1999இல் தொடங்கிய மொபைல்ஐ நிறுவனம், ஒற்றைக் கேமராவை வைத்தே இதையெல்லாம் செய்யலாம் என்று கார் கம்பெனிகளை நம்பவைத்ததில் இந்த வகைக் கணக்குகளுக்குப் பெரிய பங்கு உண்டு.

ஆனால் இடவலம் திரும்பினால் அந்தத் துணையும் கைவிட்டுவிடும். கேமரா ஒரே ஒரு டிகிரி வலப்புறம் திரும்பியிருக்கிறது என்றால், 100 மீட்டர் தூரத்தில் பிழை 1.75 மீட்டர். நம் நெடுஞ்சாலைகளில் ஒரு லேனின் அகலம் 3.5 மீட்டர். ஆக, ஒரு டிகிரிக்கு அரை லேன் போய்விட்டது. அது போதும், பக்கத்து லேனில் போகும் லாரி நம் லேனில் போவதாகத் தெரிய. நம் லேனில் போவது பக்கத்து லேனுக்கு ஒதுங்கிவிட. மோத ஐந்து நொடி இருக்கிறது என்று துல்லியமாகக் கணக்கிட்டு என்ன பயன், யாரோடு மோதப்போகிறோம் என்பது தப்பாக இருந்தால்? வேலூருக்கும் வாணியம்பாடிக்கும் இடையே ஓட்டியவர்களுக்குத் தெரியும்: லாரிகள் இடது ஓரத்தோடு நிற்பதில்லை, எல்லா லேனிலும் போகும். நூறில் போகும்போது, நம் லேன் காலியாக இருந்தும், பக்கத்து லாரிக்காக நம் கார் திடீரென்று பிரேக் போட்டால் பின்னால் வருபவர் என்ன செய்வார்?

கோணம் அளக்கும் கருவி அடிபட்டால் என்ன செய்வது என்ற கேள்வி தமிழ்நாட்டுக்குப் புதிதல்ல. 1802 ஏப்ரலில் வில்லியம் லாம்டன் சென்னை பரங்கிமலை அருகே சுமார் 12 கிலோமீட்டர் நீள அடிக்கோடு ஒன்றைச் சங்கிலியால் அளந்தார். அதிலிருந்து பெங்களூரை நோக்கி முக்கோணம் முக்கோணமாகக் கோத்துக்கொண்டு போனார். இந்தியாவின் பெரிய முக்கோண அளவை அப்படித்தான் தொடங்கியது. அடிக்கோடுகளைத் தவிர வேறு தூரம் எதையும் அவர் நேரே அளக்கவில்லை. மலையுச்சிக்கு மலையுச்சி கோணம்தான் பார்த்தார். அதற்கு அரை டன் எடையில் ஒரு தியோடலைட். 1808இல் தஞ்சைப் பெரிய கோயிலின் விமானத்தின் மேல் அதை ஏற்றும்போது கயிறு தளர்ந்து கருவி சுவரில் மோதியது; டிகிரி பொறித்த வட்டமே நெளிந்துவிட்டது. லாம்டன் கூடாரத்துக்குள் போய் அமர்ந்து, வாரக்கணக்கில் அந்த வட்டத்தைத் தட்டித் தட்டி நேராக்கினார். அதுவரை ஒரு கோணம்கூட எடுக்கவில்லை. கருவி நெளிந்தது கண்ணுக்குத் தெரிந்ததால் அவருக்கு அந்த வாய்ப்புக் கிடைத்தது. கண்ணாடி மாற்றிய காரில் நெளிந்தது எதுவும் கண்ணுக்குத் தெரியாது.

கண்ணாடியை மாற்றினால் கேமரா ஏன் திரும்ப வேண்டும்? அது கண்ணாடியில் ஒட்டிய ஒரு பிராக்கெட்டில்தான் உட்கார்ந்திருக்கிறது. பிராக்கெட்டின் நீளம் 5 சென்டிமீட்டர் என்று கொள்வோம். ஒரு முனையில் பசை ஒரு மில்லிமீட்டர் தடித்துவிட்டால், கோணம் ஒரு டிகிரிக்கு மேல் மாறிவிடும். கண்ணாடி தன் சட்டத்தில் உட்கார்வதிலும் இதே கதை: சீலண்ட் ஒரு பக்கம் கொஞ்சம் உயர்ந்திருக்கும், ஒரு பக்கம் அமுங்கியிருக்கும். இதோடு கண்ணாடியே ஒரு லென்ஸ் போல வேலை செய்கிறது. முன் கண்ணாடி என்பது இரண்டு தகடுகளும் நடுவே பிளாஸ்டிக் படலமும் சேர்ந்த, ஐந்து மில்லிமீட்டர் அளவு தடிமனான வளைந்த பொருள்; சாய்ந்து நிற்கிறது. இரு பரப்பும் சரியான இணையாக இருந்தால் ஒளி திசை மாறாமல் ஒதுங்கி வரும். துளி ஆப்பு வடிவம் வந்துவிட்டாலும் திசை மாறும். நம் கண்ணுக்கு அது ஒன்றுமில்லை, கேமராவுக்கோ அது பிழை. அதனால்தான் கேமரா உள்ள மாடலுக்கும் இல்லாத மாடலுக்கும் கண்ணாடி வேறு வேறு. விலை குறைவு என்று கேமரா இல்லாத மாடலின் கண்ணாடியை வாங்கி, பழைய பிராக்கெட்டைப் பிய்த்து அதில் ஒட்டிக்கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். அந்த வேலைக்கு எந்தக் கேலிப்ரேஷனும் பரிகாரம் ஆகாது.

சரி, கேமராவுக்கு மறுபடி கேலிப்ரேஷன் செய்யும் பட்டறைக்குள் போவோம்.

வேண்டியது முதலில் இடம். காரின் நீளம் 4 மீட்டர், அதற்கு முன்னால், கேமரா பார்த்துக் கற்றுக்கொள்ள வேண்டிய கறுப்பு வெள்ளைக் கட்டப் பலகை நிற்கும் தூரம், சுற்றி ஆள் நடக்க இடம். பத்துப் பன்னிரண்டு மீட்டர் நீளமாவது கையில் இருக்க வேண்டும். வேலூர், ஆம்பூர்ப் பட்டறைகளில் நீளம் கிடைத்துவிடும். சமமான தரை கிடைப்பதுதான் கஷ்டம். பட்டறைத் தரையை வேண்டுமென்றே சாய்த்துத்தான் போடுவார்கள். வண்டி கழுவும் தண்ணீர் வடிகாலுக்கு ஓட வேண்டுமே. நூறுக்கு ஒன்று சாய்வு வைத்தால் அது அரை டிகிரிக்கும் சற்று மேல். நாம் மேலே பார்த்த அந்த அரை டிகிரி, தரையிலேயே படுத்துக் கிடக்கிறது.

இதில் ஒரு நுணுக்கம் உண்டு. முழுத்தரையும் ஒரே தளமாகச் சாய்ந்திருந்து, காரும் பலகையும் அந்தத் தளத்துக்குச் செங்குத்தாகவே நின்றால் கெடுதல் இல்லை. இரண்டும் சேர்ந்து சாய்கின்றன. ஒன்றைப் பொறுத்து மற்றது சரியாகவே இருக்கிறது. ஆனால் நல்ல தொழிலாளி என்ன செய்வார்? பலகையின் மேல் ரசமட்டம் வைத்து, குமிழ் நடுவுக்கு வரும்வரை திருகுகளைத் திருகுவார். பலகை பூமிக்கு நேராகிவிட்டது; கார் தரைக்கு நேராக நிற்கிறது. கவனமான கை செய்த பிழை அது. எனவே முதலில் லேசர் கோட்டாலோ, கொத்தனார்கள் தண்ணீர் நிரப்பிப் பிடிக்கும் டியூப் லெவலாலோ நான்கு சக்கரம் நிற்கும் இடத்தையும் பலகையின் கால் நிற்கும் இடத்தையும் ஒரே மட்டமா என்று பார்க்க வேண்டும். இல்லையென்றால் அந்த ஒரு பகுதியை மட்டுமாவது இடித்துச் சமமாகப் போட வேண்டும். லட்சங்களைக் கொட்டிக் கருவி வாங்குபவர்கள் சிமென்ட்டுக்குக் கஞ்சத்தனம் பார்ப்பது விசித்திரம்தான்.

பிறகு கார். டயர் நான்கிலும் சரியான காற்று. டிக்கியைக் காலி செய்ய வேண்டும். ஆம்பூரில் டிக்கி காலியாக இருக்கும் கார் அபூர்வம், ஷூ அட்டைப்பெட்டிகளும் தோல் சாம்பிள் கட்டுகளும் மாதக்கணக்கில் கிடக்கும். பின்பக்கம் ஒரு சென்டிமீட்டர் தாழ்ந்தால், 2.5 மீட்டர் இடைவெளி உள்ள சக்கரங்களுக்கு அது கால் டிகிரிக்குச் சற்றுக் குறைவு. உள்ளே ஆள் உட்காரக் கூடாது. பேட்டரிக்குச் சார்ஜர் மாட்டியிருக்க வேண்டும். வேலை நடுவே மின்னழுத்தம் இறங்கினால் கேமரா பாதியில் கைவிட்டுவிடும்.

வீல் அலைன்மென்ட் இதற்கெல்லாம் முன்னாலேயே முடிந்திருக்க வேண்டும். கார் எந்தத் திசையில் ஓடுகிறது என்பதைப் பின் அச்சுதான் தீர்மானிக்கிறது, முன்பக்க எம்ப்ளம் அல்ல. பள்ளத்தில் விழுந்து பின் அச்சு இம்மியளவு திரும்பியிருந்தால், கார் நேராக ஓடும். ஆனால் அதன் மூக்கு சற்று ஒதுங்கியே இருக்கும், ஸ்டியரிங்கும் கோணலாகப் பிடித்திருப்போம். கேமராவுக்குக் கற்றுத்தர வேண்டிய ‘நேர்’, கார் ஓடும் நேர். மூக்கு காட்டும் நேர் அல்ல.

நடுக்கோடு போடும் காட்சியைக் கிட்ட நின்று பார்க்க வேண்டும். முன் எம்ப்ளத்தின் நடுவிலிருந்து தூக்குக்குண்டு இறங்குகிறது. ஆடி அடங்கும்வரை யாரும் தொடுவதில்லை; மின்விசிறியை நிறுத்தச் சொல்லி ஒரு குரல். குண்டின் முனை தொடும் இடத்தில் சாக்பீஸ் புள்ளி. பின்பக்கமும் அதேபோல். இரண்டு புள்ளிகளையும் சேர்த்து நூல் பிடித்து, காருக்கு முன்னால் கோட்டை நீட்டுகிறார்கள். பம்பரை எப்போதாவது மாற்றியிருந்தால் எம்ப்ளம் நடுவில் இருக்காது. எனவே அனுபவசாலிகள் நான்கு சக்கரங்களில் கவ்வியை மாட்டி, அதிலிருந்து லேசர் விட்டு நடுவைக் கண்டுபிடிப்பார்கள். பிறகு இடப்புறச் சக்கர நடுவிலிருந்து பலகைச் சட்டத்தின் இடமுனைக்கு டேப், வலப்புறத்திலும் அதே. இரண்டும் ஒத்துவர வேண்டும். 2 மீட்டர் தூரத்தில் பலகை 2 சென்டிமீட்டர் ஒதுங்கி நின்றாலே அரை டிகிரிக்கு மேல் போய்விடும். ஒவ்வொரு கார் கம்பெனிக்கும் ஒவ்வொரு பலகை, ஒவ்வொரு தூரம், ஒவ்வொரு உயரம். எல்லாம் கையேட்டில் மில்லிமீட்டரில் இருக்கும். ஆட்டெல், லாஞ்ச், போஷ் மாதிரி எல்லாக் கம்பெனிக் காருக்கும் கருவி விற்பவர்கள் பலகைகளை ஒரே சட்டத்தில் மாற்றி மாற்றி மாட்டும்படி செய்திருக்கிறார்கள்.

வெளிச்சம் அடுத்த தொல்லை. பாதி இறக்கிய ஷட்டர் வழியே வெயில் பலகையின் பாதியில் விழுந்தால் கேமரா குழம்பும். பின்சுவர் நெளி தகரமாக இருந்தால் அந்தக் கோடுகளும் கட்டங்கள் மாதிரியே தெரியும். மாத காலண்டர், முகம் பார்க்கும் கண்ணாடி, பளபளக்கும் ஸ்பேனர் அடுக்கு எல்லாவற்றையும் எடுத்துவிட்டு, ஒற்றை நிறத் துணி ஒன்றைத் தொங்கவிடுவது உத்தமம்.

இத்தனைக்கும் பிறகு, காரின் கம்ப்யூட்டரோடு இணைத்த ஸ்கேனரில் ஒரு பொத்தானை அழுத்துகிறார்கள். ஓரிரு நிமிடம். ‘முடிந்தது’ என்று வருகிறது. கம்ப்யூட்டர் வேலை அவ்வளவுதான். மற்றதெல்லாம் கொத்தனார் வேலை.

அந்த ஓரிரு நிமிடத்தில் உள்ளே நடப்பது என்ன? பலகையில் கறுப்பும் வெள்ளையும் சந்திக்கும் மூலைகளைக் கேமரா தேடுகிறது. நாலு கட்டம் கூடும் மூலையை, ஒரு புள்ளியின் சிறு பின்னம் அளவுக்குக்கூடத் துல்லியமாகக் குறித்துவிட முடியும் என்பதால்தான் சதுரங்கக் கட்டம். பலகை எங்கே நிற்கிறது என்று கையேடு சொல்லிவிட்டது. அப்படியானால் ஒவ்வொரு மூலையும் படத்தில் எங்கே விழ வேண்டும் என்று கணக்கிடலாம். உண்மையில் எங்கே விழுந்திருக்கிறது என்பதோடு ஒப்பிட்டு, கேமரா எவ்வளவு குனிந்திருக்கிறது அல்லது நிமிர்ந்திருக்கிறது, எவ்வளவு திரும்பியிருக்கிறது, எவ்வளவு ஒருக்களித்திருக்கிறது என்ற மூன்று கோணங்களையும் கண்டுபிடித்து நினைவகத்தில் எழுதிக்கொள்கிறது. கேமராவை யாரும் திருகித் திருப்புவதில்லை. கோணலாக இருந்தால் கோணலாகவே இருக்கட்டும், எவ்வளவு கோணல் என்று தெரிந்துவிட்டால் கழித்துக்கொள்ளலாம். கோணல் வரம்பு மீறியிருந்தால் மட்டும் ஏற்க மறுத்துவிடும். அப்போது பிராக்கெட்டைத்தான் பார்க்க வேண்டும்.

லென்ஸின் சொந்தக் குறைகள், அதாவது ஓரங்களில் நேர்கோட்டை வளைத்துக் காட்டுவது போன்றவை, கேமரா தயாராகும்போதே அளக்கப்பட்டுக் கூடவே வருகின்றன. அதை எளிதாக்கிய பெருமை ஜெங்யூ ஜாங் என்பவருக்கு. 1987இல் ரோஜர் சாய் வகுத்த முறைக்குத் துல்லியமாகச் செய்த கருவிகள் வேண்டியிருந்தன. மைக்ரோசாஃப்ட் ஆய்வகத்தில் இருந்த ஜாங், காகிதத்தில் அச்சிட்ட கட்டத்தைச் சில கோணங்களில் திருப்பித் திருப்பிப் படமெடுத்தாலே போதும் என்று 2000இல் வெளியான கட்டுரையில் காட்டினார். இன்று உலகம் முழுக்க ஆய்வகச் சுவர்களில் ஒட்டியிருக்கும் சதுரங்கக் கட்டங்களுக்கு அதுதான் மூலம்.

ஆம்பூரில் தோல் வியாபாரம் தெரிந்தவர்களுக்கு இதில் எதுவும் அந்நியமாக இருக்காது. பதனிட்ட தோல் சதுர அடிக் கணக்கில் விலை போகிறது. ஒழுங்கற்ற ஓரம் உள்ள தோலை அளக்க எலெக்ட்ரானிக் அளவு மெஷின்; தோல் அதனடியில் ஓடி மறுபக்கம் வரும்போது அளவு விழும். மெஷின் நூற்றுக்கு இரண்டு கூட்டிக் காட்டினால் பத்தாயிரம் அடி லோடில் இருநூறு அடிக்குத் தகராறு. அதனால்தான் அளவு முன்பே தெரிந்த ஒரு தகட்டை முதலில் ஓடவிட்டு, மெஷின் அந்த எண்ணைச் சொல்கிறதா என்று பார்க்கிறார்கள். கேமராவுக்கு முன் நிற்கும் பலகையும் அந்தத் தகடும் ஒன்றே. தோல் வறண்டால் சுருங்கும், ஈரத்தில் விரியும் என்பதால் அறையின் ஈரப்பதத்தையும் சேர்த்தே பார்க்கும் ஊர் இது. மில்லிமீட்டரின் பத்தில் ஒரு பங்குக்குத் தோல் தடிமனைச் சரிபார்க்கும் ஆட்கள், காரின் டயர் காற்றைப் பார்க்காமல் கேமராவைக் கேலிப்ரேட் செய்யும் பட்டறையை ஏற்கக் கூடாது.

சில கார்களுக்குப் பலகையே வேண்டாம். அல்லது பலகை வேலை முடிந்தபின் சாலையிலும் ஓட்டிக் காட்ட வேண்டும். ஸ்கேனரை மாட்டிக்கொண்டு, குறிப்பிட்ட வேகத்தில், லேன் கோடுகள் தெளிவாக உள்ள சாலையில் போனால், இரண்டு கோடுகளும் தொலைவில் சேரும் புள்ளியைக் கேமரா கவனிக்கும். இணைகோடுகள் சேரும் அந்தப் புள்ளிதான் கார் ஓடும் திசை. நேராக ஓடும்போது அது படத்தில் எங்கே நிலைக்கிறது என்பதிலிருந்து, திரும்பலையும் குனிவையும் கேமரா தானே கற்றுக்கொள்கிறது. அன்றாட ஓட்டத்திலும் இதே வித்தையால் சின்னச் சின்ன மாற்றங்களை அது சரிசெய்துகொண்டே போகிறது. குடும்பமே ஏறி உட்கார்ந்து பின்பக்கம் தாழ்ந்தாலும் சமாளிப்பது அப்படித்தான். ஆனால் அடிப்படைப் பதிவே பெரிதாகத் தப்பியிருந்தால் அந்தச் சமாளிப்பு எட்டாது.

வேலூர் கிரீன் சர்க்கிள் நெரிசலில் இந்த ஓட்டத்தைச் செய்ய முடியாது. சர்வீஸ் சாலையில் கோடே கிடையாது. பள்ளிகொண்டா டோல்கேட்டைத் தாண்டினால் ஆறு வழிச்சாலை நீண்டு கிடக்கிறது. அங்கே வாய்ப்பு உண்டு. நேரம் பார்க்க வேண்டும். சாலை ஏறக்குறைய கிழக்கு மேற்காகப் போவதால், காலையில் சென்னைப் பக்கம் போனாலும் மாலையில் பெங்களூருப் பக்கம் போனாலும் சூரியன் நேரே கேமராவின் முகத்தில். காலையில் மேற்கே ஓட்டி, வாணியம்பாடிக்கு முன்னால் முடித்துக்கொள்வது நல்லது. மழை பெய்து சாலை மினுங்கினால் அன்று வேலை இல்லை.

கேலிப்ரேஷனால் ஆகாததும் உண்டு. பின்விளக்கு இல்லாத டிராக்டர் டிரெய்லர், தவறான பக்கத்தில் எதிரே வரும் பைக், டிவைடர் இடைவெளியில் ஷூ கம்பெனி வேனைப் பிடிக்க ஓடிக் கடக்கும் பெண்கள்: இவற்றை இன்னதென்று அடையாளம் காண்பது வேறு திறமை. அதற்குக் கேமராவின் மென்பொருள் நம் சாலைகளின் படங்களைப் பார்த்துப் பழகியிருக்க வேண்டும். ஹைதராபாத் ஐஐஐடி இன்டெல்லோடு சேர்ந்து பத்தாயிரம் படங்களில் ஆட்டோ, விலங்கு என்று ஒவ்வொன்றையும் குறித்து ஒரு தொகுப்பு வெளியிட்டிருக்கிறது. அது தனி அத்தியாயத்துக்கு உரியது.

இதுவரை கார்தான். 2025 மார்ச்சில் மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் ஒரு வரைவு அறிவிப்பு வெளியிட்டது: எட்டுப் பயணிகளுக்கு மேல் ஏற்றும் வாகனங்களுக்கும் லாரிகளுக்கும் தானியங்கி அவசர பிரேக், லேன் எச்சரிக்கை, ஓட்டுநர் தூக்கக் கலக்க எச்சரிக்கை ஆகியவற்றைக் கட்டாயமாக்கும் யோசனை அது. அப்படி வரும்போது, தோல் ஏற்றும் லாரியும் காலை ஷிப்டுக்குத் தொழிலாளர்களைக் கூட்டிவரும் கம்பெனிப் பேருந்தும் கேமராவோடு வரும். லாரியின் முன் கண்ணாடி காரினுடையதைவிட அதிகம் அடிபடுவது. அதை மாற்றுபவர்கள் சாலையோரத்தில், மரத்தடியில் உட்கார்ந்து வேலை செய்பவர்கள்; பன்னிரண்டு மீட்டர் சமதரையை அவர்கள் எங்கே தேடுவார்கள் என்பதை இப்போதே யோசித்தாக வேண்டும். தொழிற்பேட்டைகளில் பொதுவாக ஒரு கேலிப்ரேஷன் தளம் போட்டு, எல்லாப் பட்டறைகளும் வாடகைக்குப் பயன்படுத்தினால் என்ன? கழிவுநீரைச் சுத்திகரிக்கப் பொது நிலையம் கட்டி, பல தொழிற்சாலைகள் சேர்ந்து நடத்திய அனுபவம் இந்த வட்டாரத்துக்கு ஏற்கெனவே இருக்கிறது.

உங்கள் காரின் முன் கண்ணாடியின் உச்சியில் கேமரா இருந்தால், கண்ணாடி மாற்றியபின், முன்பக்கம் இடித்துச் சரிசெய்தபின், சஸ்பென்ஷன் வேலை பார்த்தபின் பில்லைப் பாருங்கள். கேமரா கேலிப்ரேஷன் என்று தனியாக ஒரு வரி இருக்க வேண்டும். கூடவே தேதியும் காரின் எண்ணும் போட்ட ஸ்கேனர் அறிக்கை இருக்க வேண்டும். இரண்டும் இல்லையென்றால், செய்துகொடுக்கும் பட்டறையைத் தேடிப் போகும்வரை அவசர பிரேக்கையும் லேன் உதவியையும் நம்பி ஓட்டாதீர்கள்.